புதிய தொடரை எப்போது எடைபோடுவது? டிராமாவுக்கு ஒரு கணக்கு, காமெடிக்கு வேறு கணக்கு

புதிய தொடர்கள் ஐந்தாறு ஒரே சமயத்தில் வந்து இறங்கினால் பெரும்பாலோர் செய்வது இதுதான்: எல்லாவற்றிலும் முதல் எபிசோடைப் பார்ப்பது, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. இந்த முறையில் கைநழுவிப் போகிறவை பெரும்பாலும் நல்ல காமெடி தொடர்கள். முதல் நாள் பளபளப்பில் நம் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறவை பெரும்பாலும் புதிர் டிராமாக்கள். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் காரணம்.

இதைப் பழகிப்பார்க்க அமெரிக்கத் தொலைக்காட்சியின் 2009 செப்டம்பர் நல்ல களம். அந்த ஒரே மாதத்தில் டிராமாவில் ஏபிசி சேனலின் ஃப்ளாஷ்ஃபார்வர்ட், சிபிஎஸ்ஸின் தி குட் வைஃப் தொடங்கின. காமெடியில் என்பிசியின் கம்யூனிட்டி, ஏபிசியின் மாடர்ன் ஃபேமிலி, கூகர் டவுன். ஐந்தும் முடிந்துபோன தொடர்கள், எது நிலைத்தது என்பது தெரிந்த கதை. ஆகவே நம் கணிப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்து முதல் எபிசோடுகளும் சேர்ந்து சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

பைலட் யாருக்காக எடுக்கப்படுகிறது

முதல் எபிசோடைப் பைலட் என்பார்கள். அமெரிக்க நெட்வொர்க்குகளின், அதாவது நாடு முழுவதும் ஒளிபரப்பும் ஏபிசி, என்பிசி போன்ற சேனல்களின், அன்றைய வழக்கமான நாள்காட்டியில் மார்ச், ஏப்ரலில் பைலட் படமாகும். மே மாத நடுவில் நியூயார்க்கில் விளம்பரதாரர்களுக்கு முன்னால் புதிய தொடர்கள் அறிவிக்கப்படும். ஒளிபரப்பு செப்டம்பரில். அதாவது பைலட்டின் முதல் பார்வையாளர் நாம் அல்ல. அந்தச் சரக்கை வாங்கப்போகிற நெட்வொர்க் நிர்வாகிகள். பெண் பார்க்க வருகிற அன்று வீடு எப்படி இருக்குமோ, அப்படித்தான் பைலட்டும் இருக்கும். வழக்கமான எபிசோடைவிடச் செலவு அதிகம், படப்பிடிப்பு நாட்களும் அதிகம்.

தொடர் தேர்வான பிறகுதான் எழுத்தாளர் குழு முழுதாகக் கூடும். எனவே பைலட்டுக்கும் இரண்டாம் எபிசோடுக்கும் இடையில் சில மாத இடைவெளி விழும். அதற்குள் செட் மாறலாம், நடிகரே மாறலாம். 30 ராக் என்ற காமெடித் தொடரின் ஜென்னா பாத்திரத்தை முதலில் எடுத்த பைலட்டில் நடித்தவர் ரேச்சல் டிராட்ச். ஒளிபரப்பானபோது அந்த இடத்தில் ஜேன் கிராகோவ்ஸ்கி இருந்தார். சைன்ஃபெல்ட் என்ற காமெடித் தொடரின் 1989 பைலட்டில் எலெய்ன் பாத்திரமே கிடையாது. பின்னாளில் அந்தத் தொடரை எலெய்ன் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? பைலட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள், இன்னும் பிறக்காத தொடருக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் எபிசோடுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. முதல் வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் கதையின் அடிப்படையை அவை மறுபடி சொல்லும். அதனால் இரண்டாம் எபிசோடு சப்பென்று இருந்தால் உடனே கைவிட வேண்டாம். ஓடிடிக்காகவே மொத்தமாக எடுக்கப்படும் தொடர்களில் இந்தத் தொல்லை குறைவு.

எத்தனை எபிசோடு பொறுப்பது

நெட்வொர்க் டிராமா விளம்பரம் நீக்கி 42 முதல் 44 நிமிடம். காமெடி 21, 22 நிமிடம். டிராமாவில் மூன்று எபிசோடு பார்த்தால் 129 நிமிடம் ஆகும். காமெடியில் ஆறு பார்த்தால் 132. இரண்டுக்கும் செலவாகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே டிராமாவுக்கு மூன்று, காமெடிக்கு ஆறு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டே எபிசோடு கொண்ட ஓடிடி டிராமா என்றாலும் மூன்றில் நிறுத்தி யோசிக்கலாம்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதை நகர்ந்திருக்கும். 22 எபிசோடு ஓடும் தொடரில் மூன்று என்பது தொடக்கம் மட்டுமே, எனவே மனம் இழுபறியாக இருந்தால் ஆறு வரை நீட்டுங்கள்.

காமெடிக்கு ஏன் கூடுதல் எபிசோடு? சிரிப்பு பழக்கத்தில் பிறக்கிறது. ஒருவர் எதற்குக் கோபப்படுவார், எதற்குப் பொய் சொல்வார் என்று நமக்குத் தெரிந்த பிறகுதான் அவர் வாசலில் வந்து நின்றாலே சிரிப்பு வரும். முதல் எபிசோடில் அந்தப் பழக்கம் இருக்க வழியில்லை. எழுதுகிறவர்களுக்கும் அப்போது அது இருப்பதில்லை. எந்த இரண்டு நடிகர்களைச் சேர்த்து நிறுத்தினால் பொறி பறக்கும் என்பது படமாக்கிப் பார்த்த பின்புதான் அவர்களுக்கே தெரியவரும்.

நோட்டில் எழுதுவது

எபிசோடு முடிந்த பத்து நிமிடத்துக்குள், வேறு யாருடைய கருத்தையும் படிப்பதற்கு முன், நான்கே வரி எழுதுங்கள். தேதியும் எபிசோடு எண்ணும் கட்டாயம். "நன்றாக இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. மூன்று வாரம் கழித்துப் படித்தால் எது நன்றாக இருந்தது என்றே நினைவிருக்காது.

டிராமாவுக்கு எழுத வேண்டியது: இந்த எபிசோடில் யார், எதை இழந்து, என்ன முடிவு எடுத்தார்? மையப் புதிர் நாளையே அவிழ்ந்துவிட்டால், அடுத்த வாரம் இந்த மனிதர்களுக்குச் செய்ய என்ன வேலை மிஞ்சும்? இந்த இரண்டாவது கேள்விதான் வடிகட்டி.

ஃப்ளாஷ்ஃபார்வர்டின் பைலட் அபாரமானது. உலகம் முழுவதும் எல்லோரும் 2 நிமிடம் 17 விநாடி மயங்கி விழுகிறார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் 2010 ஏப்ரல் 29-இல் தமக்கு நடக்கப்போவதைக் காண்கிறார்கள். கேள்வி பிரமாதம். ஆனால் மயக்கத்தின் காரணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பாத்திரங்களிடம் மிஞ்சுவது அவரவர் கண்ட காட்சி பலிக்குமா என்ற கவலைதான். எபிசோடுக்கு எபிசோடு தகவல் சேர்ந்தது, மனிதர்கள் அதே இடத்தில் நின்றார்கள். நடுவில் தொடரை நடத்தியவர்கள் மாறினார்கள், டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒளிபரப்பு நின்றது, 22 எபிசோடோடு தொடர் முடிந்தது.

தி குட் வைஃப் பைலட்டைப் பார்த்தால் வாரம் ஒரு வழக்கு வகைத் தொடர் என்றுதான் தோன்றும். நோட்டில் எழுதிப்பார்த்தால் படம் மாறும். கதாநாயகி அலிசியாவின் கணவர் ஊழல், பாலியல் விவகாரத்தில் சிறையில். 13 ஆண்டு இடைவெளிக்குப் பின் அலிசியா வக்கீல் வேலைக்குத் திரும்புகிறார். அலுவலகத்தில் ஒரே இடத்துக்கு அவரும் இளைஞர் கேரியும் போட்டி. வழக்கை நீக்கிவிட்டாலும் கதையை ஓட்ட இரண்டு எஞ்சின் பாக்கி. ஏழு சீசன், 2016 வரை ஓடியதற்கான விதை முதல் எபிசோடிலேயே கிடக்கிறது, ஆரவாரம் இல்லாமல்.

காமெடிக்கு எழுதும் முறை வேறு. வாய்விட்டுச் சிரித்த இடத்துக்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் அந்தக் காட்சியில் இருந்த இருவரின் பெயர். ஆறு எபிசோடு முடிந்ததும் மொத்தக் கோடுகளை எண்ணுவதைவிட, எந்த ஜோடிக்கு எதிரே கோடு குவிகிறது என்று பாருங்கள். கம்யூனிட்டியின் பைலட்டில் கதையை ஓட்டுவது ஜெஃப் என்பவர் பிரிட்டா என்ற பெண்ணைக் கவரச் சொல்லும் பொய். ஆனால் போகப் போகக் கோடுகள் ட்ராய், ஆபெட் ஜோடியின் பக்கம் சேர ஆரம்பிக்கும். எழுதியவர்களும் அதைக் கவனித்தார்கள். காதல் துரத்தல் பின்னுக்குப் போய் ஏழு பேர் கொண்ட குழு முன்னுக்கு வந்தது. கூகர் டவுனில் மாற்றம் இன்னும் வேகம்: நாற்பதைத் தாண்டிய பெண் இளைஞர்களோடு பழகுவது என்ற அடிப்படையை முதல் சீசனிலேயே ஓரங்கட்டிவிட்டு, அக்கம்பக்கத்து நண்பர்கள் கூட்டத்தின் கதையாக ஆகிவிட்டது. பெயர் மட்டும் பழையது. மாடர்ன் ஃபேமிலி விதிவிலக்கு. மூன்று வீடும் ஒரே குடும்பம் என்று கடைசியில் விரியும் அந்தப் பைலட், முதல் நாளே முழு உருவம் பெற்றிருந்தது. அதை அளவாக வைத்து மற்ற பைலட்டுகளைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஒப்பிடும்போது கெடுவது எங்கே

புதிய தொடரின் மூன்றாம் எபிசோடையும், நமக்குப் பிரியமான பழைய தொடரின் நான்காம் சீசனையும் பக்கத்தில் வைப்பது மிகப் பரவலான பிழை. ஒப்பிட வேண்டுமானால் பழைய தொடரின் மூன்றாம் எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். அது நினைவில் இருப்பதைவிடத் தடுமாறும்.

அடுத்தது பெயர்ப் புகழ். 2006-இல் என்பிசி, டிவி காமெடி நிகழ்ச்சியின் பின்மேடையைக் களமாகக் கொண்ட இரண்டு தொடர்களை ஒரே பருவத்தில் இறக்கியது. ஏற்கெனவே பெயர்பெற்ற எழுத்தாளர் ஏரன் சார்கினின் ஸ்டூடியோ 60 ஆன் தி சன்செட் ஸ்டிரிப் மீதுதான் எதிர்பார்ப்பு முழுவதும். டினா ஃபேயின் 30 ராக் அரைமணி நேரத் தொடர், ஆரம்ப எபிசோடுகளில் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோ 60 ஒரே சீசனில் நின்றது. 30 ராக் ஏழு சீசன் ஓடி, 2007 முதல் 2009 வரை மூன்று ஆண்டும் சிறந்த காமெடிக்கான எம்மி வென்றது. படைப்பாளியின் முந்தைய சாதனையை நோட்டில் தனி வரியாக எழுதி வையுங்கள். மதிப்பீட்டுக்குள் கலக்க வேண்டாம்.

விமர்சனம் படித்தால் விமர்சகர் எத்தனை எபிசோடு பார்த்து எழுதினார் என்று தேடுங்கள். நெட்வொர்க் தொடர்களுக்கு ஒளிபரப்புக்கு முன்பு விமர்சகர் கைக்கு வருவது பெரும்பாலும் முதல் ஓரிரு எபிசோடுதான்.

வரிசையையும் சரிபாருங்கள். ஃபயர்ஃப்ளை தொடரை 2002-இல் ஃபாக்ஸ் ஒளிபரப்பியபோது, இரண்டு மணி நேரப் பைலட்டைக் கடைசியில் தள்ளி வேறு எபிசோடோடு தொடங்கியது. பாத்திரங்கள் யார் என்றே தெரியாமல் பார்வையாளர்கள் திணறினார்கள். பழைய தொடர்களைப் பார்க்கும்போது தயாரிப்பு வரிசையும் ஒளிபரப்பு வரிசையும் ஒன்றுதானா என்று எபிசோடு பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காமெடியை டப்பிங்கில் எடைபோட வேண்டாம். பேச்சின் இடைவெளியில் இருக்கும் சிரிப்பு அதில் போய்விடும். சப்டைட்டில் போதும். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம், ஐந்தாவதில் நமக்கு வரும் சலிப்பு தொடரின் கணக்கில் ஏறிவிடும்.

மறுமதிப்பீடு

சீசன் முடிந்ததும் பைலட்டை மறுபடி பாருங்கள், பழைய குறிப்பைப் படிக்காமல். புதிதாக நான்கு வரி எழுதிவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள். இரண்டும் மாறுபட்டால், மாறியது தொடரா நீங்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். தொடர் மாறியிருந்தால் தடயம் கிடைக்கும்: யாராவது பாத்திரம் விலகியிருக்கும், தொடரை நடத்துகிறவர் பெயர் மாறியிருக்கும், அடிப்படைக் கதை கைவிடப்பட்டிருக்கும். தடயம் எதுவும் இல்லையென்றால் மாறியது உங்கள் எதிர்பார்ப்பு.

ஆறாம் எபிசோடிலும் எந்த ஜோடிக்கும் கோடு குவியவில்லை என்றால் காமெடியை நிறுத்திவிடலாம். டிராமாவில் மூன்று எபிசோடிலும் "என்ன முடிவு எடுத்தார்" என்ற வரி காலியாக இருந்தால் நிறுத்தலாம்.

நிறுத்திய தொடர் பிறகு தேறிவிட்டது என்று பலர் சொன்னால், விட்ட எபிசோடிலிருந்து தொடர வேண்டியதில்லை. பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன் தொடரின் 2009 வசந்தகால முதல் சீசன் ஆறே எபிசோடு. கதாநாயகி லெஸ்லியை அசட்டுப் பெண்ணாகக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் சீசனில் அவர் திறமையும் பிடிவாதமும் உள்ளவராக மாறினார். அங்கிருந்தே நேராகப் பார்க்கலாம், கதை புரியும். டிராமாவில் இப்படித் தாவ முடியாது. அலிசியாவின் கதையை இரண்டாம் சீசனில் தொடங்கினால் கேரியோடு நடந்த போட்டி தெரியாமல் பாதி உறவுகள் விளங்காது. அதற்குப் பைலட்டிலிருந்தே வர வேண்டும்.