தொடக்கநிலை கிராபிக்ஸ் கார்டில் கனமான கேமை ஓட்டுவது எப்படி

4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கிராபிக்ஸ் கார்டில் கனமான கேம் ஒன்றை ஓட்ட முனைகிறவர்கள் பலர் எல்லா அமைப்புகளையும் ஒரேயடியாகக் குறைத்துவிடுகிறார்கள். அது தேவையற்ற இழப்பு. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, முதலில் ரெசல்யூஷனை, அதாவது காட்சியின் பிக்சல் அளவைக் கவனியுங்கள். 1920×1080 அளவில் ஒவ்வொரு பிரேமுக்கும் (அசையும் காட்சியின் ஒரு தனிப் படம்) ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களைக் கார்டு வரைய வேண்டியிருக்க, 1280×720 அளவில் அது 9.2 லட்சமாகக் குறைகிறது. நேரடியாகக் குறைத்தால் திரையில் வரும் எழுத்துகளும் மங்கிவிடும் என்பதால், கேமில் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் 2 வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. 'குவாலிட்டி' நிலையில் அது காட்சியை 1280×720 அளவில் வரைந்து 1920×1080 அளவுக்கு உயர்த்தித் தருகிறது. மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் இயங்குகிறது.

அடுத்து நிழல்கள், மூடுபனி, பிரதிபலிப்பு ஆகியவற்றைக் குறையுங்கள். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சத்தை வரையும் ரே டிரேசிங்கை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படமான டெக்ஸ்சரின் நிலை வேறு. கார்டின் நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அது வேகத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இடம் நிரம்பிவிட்டாலோ, மிஞ்சிய தரவு கணினியின் ரேமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பின் வழியே மெதுவாக வந்துசேர வேண்டியிருப்பதால், கேமராவைத் திருப்பும்போதெல்லாம் காட்சி திக்கித் திக்கி நகரும். அப்படித் திக்கினால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறந்து மீண்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் விநாடிக்கு 35 பிரேமுக்கும் 50 பிரேமுக்கும் இடையே அலைபாய்ந்தால், பிரேம் வரம்பை 30-இல் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரேமும் 33.3 மில்லி விநாடி இடைவெளியில் சீராக வரும். அந்தச் சீர்மையே கண்ணுக்கு இதமானது என்பது என் உறுதியான கருத்து.