மருத்துவமனைக்கு நன்கொடை: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

மருத்துவமனைக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வாங்கித் தரலாம்?" என்றுதான். அம்மா, அப்பா நினைவாக ஒரு பொருள் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் மருத்துவமனை நன்கொடையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன. வாங்கிக் கொடுத்த அன்றே செலவு முடிந்தது என்று கொடுத்தவர் நினைக்கிறார். மருத்துவமனைக்கோ அன்றைக்குத்தான் செலவு ஆரம்பிக்கிறது.

டயாலிசிஸ் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கரைசலுக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு ஆகாது. தனி பிளான்ட் இருக்க வேண்டும், அதன் தண்ணீரை அவ்வப்போது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டயலைசர் என்ற வடிகட்டி, டியூப், ஊசி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து எல்லாம் தீரத்தீர வாங்க வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியனுக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். நோயாளி வாரத்துக்கு 2, 3 தடவை வருவார், ஆண்டுக்கணக்கில் வருவார். இதில் ஏதாவது ஒன்றுக்குப் பணம் இல்லாவிட்டாலும் இயந்திரம் சும்மாதான் நிற்கும்.

பராமரிப்பு ஒப்பந்தம் இன்னொரு விஷயம். ஏ.எம்.சி. எனப்படும் சாதாரண ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஆள் வந்து பார்ப்பது மட்டும்தான் அடங்கும், உதிரிபாகத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அதனால் இயந்திரம் கொடுப்பதாக இருந்தால், உதிரிபாகமும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 5 ஆண்டுப் பணத்தையும் அதோடு ஒதுக்கிக் கொடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? சரி, சின்ன இயந்திரமாகக் கொடுங்கள். ஓடுகிற சின்ன இயந்திரம் நோயாளிக்கு உதவும்.

புற்றுநோய்க் கதிர்வீச்சில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கோபால்ட் இயந்திரத்தில் இருக்கும் கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சு மூலத்தின் வீரியம் சுமார் 5 ஆண்டு 3 மாதத்தில் பாதியாகிவிடும். அதே அளவு கதிர்வீச்சுக்கு நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும், ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கையும் குறையும். இயந்திரம் பழுதாகவே இல்லை, ஆனாலும் மூலத்தை மாற்ற மறுபடி பெரும்பணம் வேண்டும். பழையதை மாற்றுவதற்கென்று பணம் தருகிறவர்கள் மிகக் குறைவு. மருத்துவமனைகள் அதிகம் தவிப்பதும் அந்தப் பணத்துக்குத்தான்.

சட்டமும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நாமாக வாங்கி இறக்கிவிட்டு வர முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற இடத்துக்கு மட்டுமே அந்த இயந்திரம் போகலாம். எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். ஆகவே நிர்வாகத்தோடு பேசாமல் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் டீன் அல்லது தலைமை மருத்துவ அலுவலரிடம் கடிதம் கொடுத்து, அவர்களுக்கு என்ன தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுப்பதிலும் இதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. பயன்படாததை அழிப்பதற்கே தனியாகச் செலவு ஆனது. நன்கொடையாகப் போகும் மருந்து போய்ச் சேரும்போது அதற்கு இன்னும் குறைந்தது ஓராண்டுக் காலாவதி பாக்கியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டில் மிச்சமான மாத்திரைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது வேண்டாம்.

பிறந்தநாளுக்கு வார்டில் சாப்பாடு, பழம் கொடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் நல்லதுதானே என்று சிறுநீரக வார்டில் கொடுத்துவிடுகிறோம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்துடிப்பையே குழப்பிவிடும். டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரத்ததான முகாமும் அப்படித்தான். ஒரே தேதியில் நூற்றுக்கணக்கானோர் கொடுத்தால், ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் 5 நாளோடு சரி, சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். அப்புறம் கோடை விடுமுறையில் ரத்த வங்கி காலியாக நிற்கும். ரத்த வங்கியிடம் கேட்டு, அவர்களுக்குத் தேவைப்படும் வாரத்தில் முகாம் வையுங்கள்.

"என் பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது, நோயாளிக்கு மட்டும்தான் போக வேண்டும்" என்று நிபந்தனை போடுபவர்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யூ.வில் நிற்கும் நர்ஸின் சம்பளம் நோயாளிக்கான செலவுதான். வேலூர் சி.எம்.சி.யின் வரலாறு இதற்கு நல்ல சான்று. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில், 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. அதை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் கட்டடத்தோடு நிற்கவில்லை. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த இடம் வளர்ந்தது அங்கே உருவான மனிதர்களால். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் 1954இல் 12 படுக்கைகளோடுதான் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொதுமக்களிடம் கேட்டுக் கேட்டுத் திரட்டிய பணம் அதில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கியவர்கள் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா போல அங்கேயே ஆயுளைக் கழித்தவர்கள்.

முடிந்தவரை நிபந்தனையில்லாமல் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். "குழந்தைகளின் இதயத்துக்கு மட்டும்" என்று கட்டிவிட்டால், அந்தக் கணக்கில் பணம் தேங்கிக் கிடக்கும்போதே பக்கத்து வார்டில் ஆன்டிபயாடிக் வாங்கக் காசிருக்காது.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை நாம் கிட்டத்தட்ட யோசிப்பதே இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலை ஏழைகளுக்கு எட்டாது. ஆண்டுதோறும் லென்ஸ் வாங்கித் தரும்படியே அவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அதற்குப் பதில், சேவா ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் போன்றோர் உதவியோடு லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தையே கொண்டுவந்து 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கிறார்கள். எந்தப் புற்று கூடுகிறது, எது குறைகிறது என்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்ட பதிவேடுகளால்தான். தகவல் திரட்டுபவர், புள்ளியியலாளர் ஆகியோரின் சம்பளத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வராது. கொடுக்க வேண்டிய இடம் ஆனாலும் இதுதான்.

வாட்ஸ்அப்பில் வரும் சிகிச்சை வேண்டுகோள்களைப் பார்த்ததும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பல தகவல்கள் பழையவை, சிகிச்சை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு, நோயாளியின் ஐ.பி. எண்ணை (உள்நோயாளி எண்) சொல்லி விசாரித்து, மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. துணைக்கு வந்தவர் தங்கும் வாடகை, பஸ் செலவு, வேலைக்குப் போகாமல் இழந்த கூலி இவற்றுக்கு எதுவும் கிடைப்பதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊருக்குப் போகும் குடும்பங்கள் பல இந்தச் செலவுக்குத்தான் தோற்கின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வார்.

கடைசியாகக் காகித விஷயம். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் பழகிய வரிக்கழிவு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. வெளிநாட்டுத் தமிழர்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர்கள்தான். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உள்ள மருத்துவமனைக்கு, அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் கணக்கு வழியாக மட்டுமே அவர்கள் பணம் அனுப்ப முடியும். உள்ளூர் உறவினர் கணக்கில் போட்டு அவர் மூலம் கொடுத்தால், மாட்டிக்கொள்வது மருத்துவமனைதான்.