நீங்கள் எழுதியதை ஒருவர் அழித்துவிட்டாரா? மறுபடி போடுவதற்கு முன்

விக்கிப்பீடியாவில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வந்து 'மட்டக்களப்பு மாவட்டத்தில் பிறந்தார்' என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அரை மணித்தியாலம் போகவில்லை, கல்முனைப் பக்கத்து ஆள் ஒருவர் அதை அழித்து 'அம்பாறை மாவட்டம், காரைதீவு' என்று மாற்றுகிறார். முதலாமவருக்குக் கோபம் வந்து திருப்பிப் போடுகிறார், மற்றவர் திருப்பி எடுக்கிறார், இரவு பன்னிரண்டு மணிவரைக்கும் இது போகும். பகிடி பண்ணவில்லை, ஆரம்பத்தில் நானும் வேறு கட்டுரைகளில் இப்படி விழித்திருந்து சண்டைபிடித்தவன்தான்.

செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டாவது தடவை மீளமைக்காமல், அதாவது மற்றவர் செய்ததை நீக்கி உங்கள் வடிவத்தைத் திருப்பிப் போடாமல், இருப்பது. நீங்கள் மாற்றினீர்கள், ஒருவர் எடுத்துவிட்டார், சரி, இனிக் கட்டுரையில் கைவைக்காமல், அந்தக் கட்டுரையோடு சேர்ந்திருக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் கணக்கைத் தடைசெய்துவிடலாம், அங்கே 'நான் சொன்னதுதான் சரி' என்ற பேச்சு எடுபடாது. அதற்காக மூன்று தடவை நமக்கு உரிமை என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்தையே வெறுமையாக்குவது, தூஷணம் எழுதுவது, உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாமல் அவதூறு போடுவது, இவை போன்றவற்றை மட்டும் உடனே தூக்கலாம். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத கருத்து நாசவேலை ஆகாது, இதைக் குழப்பிக்கொள்ளும் ஆக்கள்தான் அதிகம்.

எழுதத் தொடங்குமுன், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் கட்டுரையின் வரலாற்றைப் பாருங்கள். அழித்தவர் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சின்னக் குறிப்பில்) காரணம் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் இதே சண்டை நாலு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அப்புறம் உரையாடல் பக்கத்தில் அவருடைய பயனர் பெயரைக் குறித்து, அந்த வசனத்தைப் பற்றி மட்டும் கதையுங்கள். 'நீர் எந்த ஊர், உமக்கென்ன தெரியும்' என்று தொடங்கினால் அன்றோடு சரி. 'அம்பாறை மாவட்டம் உருவான 1961க்கு முன் பிறந்தவர்களை எந்த மாவட்டத்தில் காட்டுவது? என்னிடம் இந்த நூல் இருக்கிறது, இத்தனையாம் பக்கம்' என்று கேட்டுப் பாருங்கள், அவரும் நூலைத் தேடத் தொடங்குவார். பதிலுக்கு இரண்டு மூன்று நாள் பொறுங்கள், அவருக்கும் வேலை இருக்கும், வயல் வெட்டுக் காலமாகக்கூட இருக்கலாம்.

இந்தச் சண்டையில் இரண்டு பேரும் பிழையில்லை என்பதுதான் விஷயம். விபுலாநந்தர் பிறந்தது 1892இல், காலமானது 1947இல். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டத்தை உருவாக்கியது 1961இல்தான், அவர் காலத்தில் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. ஆனால் இன்றைக்குக் காரைதீவு எங்கே என்று தேடுகிற பிள்ளைக்கு அம்பாறை என்று சொல்லாவிட்டால் வழி தெரியாது. ஆகவே 'அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தில், இன்று அம்பாறை மாவட்டத்துக்குள் வரும் காரைதீவில் பிறந்தார்' என்று எழுதிச் சான்று கொடுத்துவிடலாம். நான் பார்த்த ஊர்ப்பெயர், எல்லைச் சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான், ஆளுக்கொரு காலத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே வசனத்துக்கு அடிபடுவார்கள்.

மட்டக்களப்புக் கோட்டையும் அதே கதை. ஒல்லாந்தர் கோட்டை என்றே பலர் எழுதுவார்கள், ஆனால் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், இரண்டு ஆண்டையும் போட்டால் அடங்கிவிடும். சனத்தொகையில்தான் கவனம் தேவை. 2001 கணக்கெடுப்பு போரால் மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை, அதனால் 1981ஐயும் 2012ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதுவார்கள். எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள், 'ஆகவே இன்னார்தான் பெரும்பான்மையாகிறார்கள்' என்ற உங்கள் வியாக்கியானத்தை வெளியே வையுங்கள்.

சான்று என்றால் அப்பப்பா சொன்னது போதாது, அவர் சொன்னது உண்மையாக இருந்தாலும். அச்சில் வந்தது வேண்டும். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், மலர்கள், பத்திரிகைகள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன, நான் முதலில் தேடுவது அங்கேதான். பத்திரிகைச் செய்தியைக் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள், அந்த நிருபர் விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதியிருந்தால் நம் வாலை நாமே கடித்த கதைதான், திகதியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறந்தது என்பதற்குச் சான்று தேடுவது லேசு, 'நாட்டிலேயே நீளமான இரும்புப் பாலம்' என்று எழுதப் போனால்தான் யாராவது சான்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

அப்படியும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்றொரு பொது இடம் இருக்கிறது, பெயர் வைத்தவர் வாழ்க. அங்கே இரண்டு பக்கத்து வாதத்தையும் நியாயமாகச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை, காரணத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே வட்ஸ்அப் குழுவில் 'மச்சான்மார் எல்லாரும் வந்து ஆதரவு போடுங்கோ' என்று சொல்லாதீர்கள், அன்றைக்கே திறந்த பத்துக் கணக்குகள் வரிசையாக வந்து நின்றால் எந்த நிர்வாகிக்கும் விளங்கும். சண்டை முற்றி நிர்வாகி பக்கத்தைப் பூட்டினால், பெரும்பாலும் மற்றவருடைய வடிவம்தான் உள்ளே இருக்கும் (எனக்கு எப்போதும் அப்படித்தான்). அது தீர்ப்பில்லை, கதைத்து முடிக்கத் தந்த நேரம்.

முடிவு வந்தபின் கட்டுரையை மாற்றும்போது, தொகுப்புச் சுருக்கத்தில் அந்த உரையாடலுக்கு இணைப்புக் கொடுங்கள். பக்கத்தில் மாற்றம் நடந்தால் காட்டும் கவனிப்புப் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிடுங்கள், அடுத்த பாடசாலை விடுமுறைக்கு யாராவது வந்து 'மட்டக்களப்பில்தான் பிறந்தார்' என்று மாற்றுவார்கள்.