ராப்பறவையையும் அழியும் பூச்சியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள ஒரு நல்ல ஜோடி உண்டு: ஆந்திராவின் கடப்பை முள்காட்டில் வாழும் ஜெர்டன் கோர்சர் பறவை, ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுக் குச்சிப்பூச்சி. இரண்டும் இரவில் நடமாடுபவை. அழிந்தே போயின என்று எழுதிவைத்த பிறகு திரும்பக் கிடைத்தவை. இந்த ஒற்றுமையோடு கட்டுரையை முடித்துவிடுவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே.

எதனால் அழிந்தன என்று பாருங்கள். 1918-ல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது அதிலிருந்த எலிகள் தீவில் ஏறின. சில ஆண்டுகளில் அங்கே குச்சிப்பூச்சியே இல்லை. 2001-ல், 23 கி.மீ. தள்ளிக் கடலில் செங்குத்தாக நிற்கும் பால்ஸ் பிரமிட் பாறையில், ஒரு புதரடியில் மறுபடி அகப்பட்டது. 2003-ல் இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்தார்கள். மெல்போர்ன் விலங்குக்காட்சிசாலையில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தன. தீவில் எலியை ஒழிக்கும் வேலையும் 2019-ல் நடந்தது; திரும்ப விடத் தீவு இருக்கிறது.

கோர்சருக்கு அப்படி ஒற்றை எதிரி கிடையாது. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 1986-ல் ஊர்க்காரர் ஒருவர் இரவில் டார்ச் அடித்துப் பிடித்ததால் வெளியே தெரிந்த பறவை அது. அதற்குப் புதரும் வேண்டும், புதர்களுக்கு நடுவே ஓடித் திரிய வெறுந்தரையும் வேண்டும். புதரை வெட்டி வயலாக்கினாலும் போச்சு, செடிகொடி அடர்ந்து மூடிக்கொண்டாலும் போச்சு. பெட்டியில் வளர்த்துப் பெருக்கிய கதை இதற்கு இல்லை. இருக்கும் காடுதான் எல்லாம். அதனால் முள்காட்டைத் ‘தரிசு’ என்று எழுதாதீர்கள். கடப்பை நமக்கு அந்நியமும் இல்லை: சித்தூர் 1911 வரை நம் வேலூர் இருந்த வட ஆற்காட்டோடு இருந்தது, அதற்கு அடுத்தது கடப்பை. நம் மலையடிவாரத்தில் புறம்போக்கு என்று குப்பை கொட்டுகிறோமே, அதே மாதிரி நிலம்தான் அங்கே ஒரு பறவையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதும் தப்பு. குச்சிப்பூச்சியில் ஆண் சேராமலேயே முட்டை பொரிக்கும்; பறவையில் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆகவே பத்துப் பூச்சியும் பத்துப் பறவையும் சமமில்லை.

‘இரவு உயிரி’ என்று ஒரே வரியில் எழுதுவதிலும் கவனம் தேவை. இளம் குச்சிப்பூச்சி பச்சையாக, பகலிலேயே நடமாடும். வளர்ந்து கறுத்த பிறகே இரவுக்கு மாறும். கோர்சரிலும் குழப்பம் வரும்: நம்மூர் மேய்ச்சல் வெளியில் பகலில் ஓடுவது இந்தியக் கோர்சர், வேறு இனம். ஜெர்டன் கோர்சருக்கு நெஞ்சில் குறுக்காக இரண்டு பட்டை உண்டு. படம் ஒட்டுமுன் அதை எண்ணிப் பாருங்கள்.