வீட்டுக்கு ஒரு உடல்நல நோட்டு: எந்த வயதில் எதைப் பார்ப்பது, எப்படிக் குறிப்பது

கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது? கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை ஏறியதா? டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எந்த வருடம் போட்டது? டாக்டர் இப்படிக் கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. ரிப்போர்ட்டுகள் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும். தெர்மல் தாளில் எடுத்த ஈ.சி.ஜி.யும் ஸ்கேன் படமும் சில வருடங்களில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போகும். ஒரு வயதில் எழுதி வைத்தது அடுத்த வயதில் நோயைத் தடுக்க உதவும் என்பதால்தான் நோட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஆளுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் வர வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, புற்றுநோய் இருந்தால் எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்போ அம்மாவுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகள் இதயத்தைச் சீக்கிரமே கவனிக்கத் தொடங்க வேண்டும். தெர்மல் தாள்களை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுங்கள்.

கர்ப்பத்தில்

12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பதிவு செய்யுங்கள். டி.டி. ஊசி பதிவின்போது ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடம் ஆகவில்லை என்றால் ஒரு பூஸ்டர் போதும். அந்தத் தேதி நோட்டில் இருந்தால்தான் இதை முடிவு செய்ய முடியும்.

சத்து மாத்திரை விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சிவப்பு மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று என 180 நாள் சாப்பிட வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். காபி, டீ, பால் மூன்றும் இரும்பை உடலில் சேரவிடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவை வேண்டாம். கால்சியம் மாத்திரையோடு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டையும் காலை டிபனோடு சேர்த்து விழுங்கி, கூடவே காபியும் குடித்தால் மாத்திரை பெரும்பாலும் வீண். எலுமிச்சைச் சாறு, நெல்லி, கொய்யா கூடச் சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் முடியாமல் நிறுத்திவிட்டால் செவிலியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறாவிட்டால் டாக்டர் வேறு காரணம் தேடுவார். நீங்கள் மாத்திரையே சாப்பிடவில்லை என்பது தெரியாமல் அந்தத் தேடல் தவறான பாதையில் போகும்.

சர்க்கரைக்கு, சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறைதான் இன்று நாடு முழுக்க நடப்பில் உள்ளது. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிறு கட்டாயமில்லை. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள்.

இந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுங்கள். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இந்தப் பெண்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒரு முறையும், பிறகு வருடா வருடமும் பார்க்க வேண்டும். குழந்தையின் ஊசி தேதியோடு அம்மாவின் ரத்தப் பரிசோதனையையும் வைத்துக்கொண்டால் தவறாது.

குழந்தைக்கு

பிறந்ததும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி. அடுத்து 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), போலியோ, ரோட்டா (வயிற்றுப்போக்கைத் தடுக்கும் மருந்து). இவற்றில் 6, 14 வாரங்களில் நிமோனியா தடுப்பூசியும் போலியோ ஊசியும் சேரும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணையும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் தடுப்பு) பூஸ்டரும், 5 வயதில் இன்னொரு பூஸ்டர்.

தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சளி, லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரத்தில் கொப்புளமாகி, உடைந்து, தழும்பாகும். அதில் மஞ்சளோ களிம்போ தடவக் கூடாது.

பெண்டாவேலன்ட் போட்ட இரவு காய்ச்சல் வரலாம். பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பாட்டிலைப் பார்க்காமல் கொடுப்பதுதான் ஆபத்து. பொதுவாக டிராப்ஸில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.யில் 125 அல்லது 250 மி.கி. இருக்கும். சிரப்பின் அளவு நினைவில் டிராப்ஸை ஊற்றினால் மருந்து நான்கு மடங்குகூட ஆகிவிடும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு அளவைச் செவிலியரிடமே கேட்டு, பாட்டிலின் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

மாதா மாதம் அங்கன்வாடியில் அதே தராசில் எடை பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையோடு ஒப்பிட வேண்டாம். வளர்ச்சி அட்டையில் தன் கோட்டில் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்குப் போகும் முன் கண்ணையும் பாருங்கள்: ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, பத்தடி தூரத்துக் காலண்டரில் உள்ள படத்தைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு மறு கண். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் குழந்தைக்கே தெரியாது, பெரியவர்களும் கவனிக்க மாட்டார்கள்.

பள்ளிப் பருவம்

10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்கள். இரண்டு வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மி.கி.யை மென்று சாப்பிட வேண்டும். வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை. மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போவதும், இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைவதும் 'அப்படித்தான் இருக்கும்' என்று விடக்கூடிய விஷயமல்ல. ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு உகந்த வயது 9 முதல் 14.

முப்பதுக்கு மேல்

பிரஷரும் சர்க்கரையும் வலிக்காது. அதனால்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கு வருபவர்களிடமும் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள் மணிக்கட்டில் கட்டும் கருவியை விட்டு, மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அதனால் கையைச் சுற்றளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி, பீடி, வேக நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, சட்டைக்கு மேல் இல்லாமல் தோலின் மேல் வர வேண்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் ஏழு நாள் எழுதி, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85ஐ எட்டினால் டாக்டரிடம் நோட்டோடு போங்கள். ஒரே ஒரு அதிக எண்ணைப் பார்த்துப் பயந்து அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையைப் போடுவது மிகவும் தவறு.

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள். 100 முதல் 125 என்றால் எச்சரிக்கைக் கட்டம், எடை குறைத்து நடந்தால் திரும்பி வரக்கூடிய கட்டம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபின் எண்ணையும் அருகிலேயே எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவு, மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளப்பது: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

பெண்கள் 30 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போங்கள். அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாதவிடாய் நாளைத் தவிர்த்துப் போங்கள். ஹெச்.பி.வி. ஊசி போட்டவர்களுக்கும் இது வேண்டும். புகையிலை, பான் போடுபவர்கள் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய் என எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

அறுபதுக்கு மேல்

இந்த வயதில் விழாமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான். படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உட்கார்ந்து பார்த்ததோடு, நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களே நிறுத்த வேண்டாம். பாத்ரூமில் பிடிமானக் கம்பி, இரவு விளக்கு, வழுக்காத தரை. கண்புரையைத் தள்ளிப் போடாதீர்கள், பார்வை மங்கினால் விழுவதும் கூடும். வருடம் ஒரு முறை ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி பற்றிக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் (இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்) பார்த்து, பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

மாத்திரைப் பக்கத்தை மாதம் ஒரு முறை திருத்துங்கள். நிறுத்தியதை அடித்துவிட்டு நிறுத்திய தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். இரவில் 108 வந்து நிற்கும்போது வீட்டில் இருப்பவர் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்து நீட்டுவார்.