ஜெர்மனியில் முதல் டிசம்பர்: கடை, சாப்பாடு, அக்கம்பக்கம்

முதலில் மளிகை. டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்குள் கடைகளை அடைத்துவிடுவார்கள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் கடை கிடையாது என்பதால் 2026இல் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் சேர்ந்து வருகிறது. 28 திங்கள்தான் மறுபடி திறக்கும். நான் வந்த முதல் வருடம் 24 மாலை பால் வாங்கக் கிளம்பி, ஆளே இல்லாத தெருவைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும் பெட்ரோல் பங்கும்தான் அப்போது கைகொடுக்கும், விலை கூடுதல். அரிசி, பால், காய்கறி எல்லாவற்றையும் 23ஆம் தேதியே வாங்கி வையுங்கள்.

அந்த 24 மாலையை ஹைலிகாபெண்ட் என்பார்கள். இங்கே பரிசைப் பிரிப்பது அன்று மாலைதான், மறுநாள் காலை அல்ல. இரவுச் சாப்பாடு பல வீடுகளில் எளிமையானது: உருளைக்கிழங்கு சாலட், வெந்நீரில் சூடாக்கிய சாசேஜ். கூஸ் வாத்து ரோஸ்ட், சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை என்ற பெரிய விருந்தெல்லாம் 25ஆம் தேதி. 24 மாலை வீட்டாரோடு மட்டும் இருப்பது இவர்கள் வழக்கம். நன்றாகப் பழகும் அலுவலக நண்பர் கூப்பிடவில்லை என்றால் மனம் வருந்தாதீர்கள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், சொன்ன நேரத்துக்கே போங்கள்.

சைவமா, பன்றி இறைச்சி சாப்பிட மாட்டீர்களா? அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாசேஜ் பெரும்பாலும் பன்றி. காய்தானே என்று நாம் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சிவப்பு முட்டைக்கோஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு; தெற்கே உருளைக்கிழங்கு சாலடில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். ஷ்டோலன் என்ற உலர்பழ ரொட்டியில் திராட்சையை ரம்மில் ஊறவைத்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் சந்தையில் குழந்தைகளுக்குக் கிண்டர்புன்ஷ் வாங்குங்கள், அதில் மது கிடையாது. க்ளூவைன் சூடான மசாலா ஒயின். இரண்டுக்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள்; கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரைபெகூகன் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆப்பிள் கூழோடு தருவார்கள், கொஞ்சம் மிளகாய்த்தூளுக்கு மனம் ஏங்கும்.

பள்ளி போகும் குழந்தை இருந்தால் டிசம்பர் 5 இரவை மறந்துவிடாதீர்கள். ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தால் காலையில் நிக்கோலாஸ் என்ற புனிதர் சாக்லேட்டும் ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போயிருப்பார். மறுநாள் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் இதைத்தான் பேசும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிளெட்ஸ்ஷன். டிசம்பர் முழுக்க வீட்டுக்கு வீடு சுடும் சின்னச் சின்ன பிஸ்கட்டுகள். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு தட்டு கொண்டுவந்து தந்தார். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வருமா? அச்சுமுறுக்கு சுட்டு நிறைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் டிசம்பர் பிறந்ததுமே அவரே கேட்டுவிட்டார், முறுக்கு எப்போது என்று. பேச்சுமொழி சரியாக வராத காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அது. நீங்களே முந்திக்கொண்டு ஒரு தட்டு கொடுத்தாலும் நல்லதுதான்.

பக்கத்து நாடுகளில் வேறு மாதிரி. போலந்தில் 24 இரவு முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு: பன்னிரண்டு வகை, இறைச்சி கிடையாது, மீன் உண்டு. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள். டென்மார்க்கில் பாலில் வெந்த சோற்றை க்ரீமோடு கலந்து, உள்ளே ஒரு முழு பாதாமை ஒளித்து வைப்பார்கள், கிடைத்தவருக்குப் பரிசு.

அப்புறம், ஜெர்மனியில் ஜனவரி 6 ஒட்டி, கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்களில், கிரீடம் வைத்த குழந்தைகள் வந்து வீட்டு மணியடிப்பார்கள். பாடிவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்காக உண்டியல் நீட்டுவார்கள். கதவின் மேல் சாக்பீஸால் வருடத்தையும் ஆசீர்வாத எழுத்துகளையும் எழுதுவார்கள். அதை அழிக்காதீர்கள், வருடம் முழுக்க அப்படியே இருக்கட்டும். வாசலருகே கொஞ்சம் சில்லறை எடுத்து வையுங்கள்.