ரிவால்வரில் நன்றாக ஓடும் பூச்சுக் குண்டு கார்பைனில் ஓடுமா? வீட்டில் ஏற்றிய தோட்டாவைச் சோதிக்கும் முறை

.357 மேக்னம் அல்லது .44 மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர்களில் பலர், கொஞ்ச நாளில் அதே தோட்டாவைப் போடும் குட்டையான லீவர் துப்பாக்கியும் (கார்பைன்; கைப்பிடி நெம்பை இழுத்துத் தோட்டா மாற்றுவது) ஒன்று வாங்கிவிடுகிறார்கள். தென் ஆப்பிரிக்காவில் எங்கள் குவாசுலு-நட்டாலில் கரும்புக்குள் காட்டுப்பன்றி இறங்கும் பக்கங்களில் இதைவிடக் கைக்கு அடக்கமான துப்பாக்கி கிடைப்பது கஷ்டம். ஆனால் ரிவால்வருக்காக ஏற்றி வைத்த பூச்சுக் குண்டை (மேலே பாலிமர் பூசிய ஈயக் குண்டை) அதில் போட்டால், சிலருக்கு அருமையாகப் போகிறது. சிலருக்கோ இருபது தோட்டா சுடுவதற்குள் குழல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்கிறது. என் .44 கார்பைனில் அப்படித்தான் ஆனது. அதைச் சரிசெய்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். தோட்டா ஏற்ற, அதாவது காலிப் பித்தளைக் கேஸில் பற்றவைக்கும் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்ய, உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பிரஸ் பூட்டுவது, பிரைமர் அழுத்துவது எல்லாம் இங்கே வராது.

சட்டம் பற்றி ஒரு வரி. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் உரிமத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு மட்டும், உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். டெடிகேட்டட் தகுதி (அங்கீகாரம் பெற்ற சங்கம் வழியாக வேட்டைக்காரருக்கோ விளையாட்டுச் சுடுநருக்கோ கிடைப்பது) இல்லாதவர்கள் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கார்பைனில் ஏன் மாறுகிறது?

4 அங்குலக் குழல் உள்ள .357 ரிவால்வரில் 158 கிரெய்ன் குண்டு, முழு மருந்தில், நொடிக்கு ஏறக்குறைய 1,200 அடி வேகத்தில் போகும். மெதுவாக எரியும் மருந்தாக இருந்தால் அதே தோட்டா 18 அங்குலக் கார்பைனில் 1,700 அடியைத் தாண்டிவிடும். ஈயக் குண்டின் மேல் வெந்து ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய பாலிமர் தோல் இத்தனை வேகத்தையும் இவ்வளவு நீளக் குழலின் உரசலையும் தாங்க வேண்டும். அதனால் ரிவால்வரில் பாஸான குண்டைக் கார்பைனுக்கு என்று தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

படி 1: பூச்சு வெந்திருக்கிறதா?

பெட்டியிலிருந்து நாலைந்து குண்டு எடுங்கள். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் பூச்சு சரியாக வேகவில்லை. அடுத்து ஒரு குண்டை இரும்புப் பலகையில் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுத்தியலால் தட்டையாக அடியுங்கள். ஈயம் நசுங்கும்போது பூச்சும் கூடவே இழுபட வேண்டும். செதிலாக உரிந்தால் அந்தப் பெட்டியைக் கார்பைனுக்கு வைக்காதீர்கள். நீங்களே பூச்சுப் போடுபவர் என்றால் டர்பனின் ஈரக்காற்றை மறக்க வேண்டாம். அடுப்பில் வைக்கும் முன் பூச்சு முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். மழை நாளில் அது ரொம்பவே நேரம் பிடிக்கும்.

படி 2: குழலை அளந்து பாருங்கள்

பெட்டியில் .430 என்று எழுதியிருக்கும். உங்கள் .44 குழலின் பள்ள அளவு (குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களின் அடிவரை எடுத்த விட்டம்) .431 அங்குலம் இருந்தால்? குண்டுக்கும் குழலுக்கும் நடுவே சூடான வாயு புகுந்து ஈயத்தை அரித்துவிடும். எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. .44 லீவர் துப்பாக்கிகளில் இந்த அளவு அபூர்வமும் இல்லை.

அளப்பது சுலபம். துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பாருங்கள். தூண்டில் சாமான் கடையில் மெத்தென்ற ஈயக் கட்டி கிடைக்கும். நம் ஊரில் மீன் பிடிக்காத குடும்பம் ஏது, வீட்டிலேயே இருக்கும். குழலைவிடச் சற்றுப் பெரிய கட்டியாகப் பார்த்து, குழலுக்குள் லேசாக எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி முழு நீளமும் ஓட்டி வெளியே எடுங்கள். அதன் மேட்டுப் பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ள அளவு தெரிந்துவிடும். இந்த வேலைக்குக் காலிப்பரை நான் நம்புவதில்லை. ஆயிரத்தில் ஒரு அங்குலம்தான் இங்கே விஷயமே, அதனால் நல்ல மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். குண்டு பள்ள அளவைவிட .001 முதல் .002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும்.

படி 3: கேஸுக்குள் போகும்போதே குண்டு கெடாமல் பார்ப்பது

என் நேரத்தையெல்லாம் தின்றது இந்தப் படிதான். மருந்தை மாற்றினேன், குண்டின் எடையை மாற்றினேன், ஈயம் படிவது மட்டும் நிற்கவில்லை. காரணம் ஏற்றும் மேசையிலேயே இருந்தது.

பிரைமரும் மருந்தும் இல்லாமல் ஒரு வெற்றுத் தோட்டா செய்யுங்கள். குண்டை வைத்து, கிரிம்ப் போட்டு (கேஸ் வாயைக் குண்டின் மேல் மடக்கி இறுக்கி), அப்புறம் சுத்தியல் மாதிரி அடிக்கும் குண்டு கழற்றியால் அதே குண்டை வெளியே எடுங்கள். இனி நல்ல வெளிச்சத்தில் இரண்டு இடம் பாருங்கள்.

முதலில் கேஸ் வாய். அங்கே பூச்சின் நிறத்தில் நூல் போல மெல்லிய சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் கேஸின் விளிம்பு பூச்சைச் சீவியிருக்கிறது. குண்டின் அடி ஓரத்தில் அதே இடத்தில் ஈயம் பளபளவென்று தெரியும். வாயை இன்னும் கொஞ்சம் விரியுங்கள். குண்டின் அடிப்பகுதி கைவிரலாலேயே உள்ளே உட்கார்ந்து நேராக நிற்க வேண்டும், அவ்வளவு விரிவு போதும். புனல் மாதிரி சாய்வாக விரிக்கும் டையைவிட (டை என்பது பிரஸ்ஸில் பூட்டும் அச்சு), படி வைத்து விரிக்கும் லைமன் எம் டைதான் என் தேர்வு. பூச்சுக் குண்டுக்கு வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது, குண்டின் விட்டம். கழற்றிய குண்டை மறுபடி மைக்ரோமீட்டரில் அளங்கள். உள்ளே போகும்போது .432 இருந்தது வெளியே வரும்போது .429 என்று காட்டலாம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான லீ ஃபேக்டரி கிரிம்ப் டையில் ஒரு கார்பைடு வளையம் உண்டு. தோட்டா முழு அளவுக்குள் இருக்க வேண்டும் என்று அது கேஸை வெளியிலிருந்து இறுக்குகிறது. செம்பு உறை போட்ட குண்டுக்கு அதனால் தொந்தரவு இல்லை. கொஞ்சம் தடித்த ஈயக் குண்டு மட்டும் கேஸுக்குள்ளேயே சுருங்கிவிடும். நீங்கள் குழலை அளந்து பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த ஆயிரத்தில் ஒரு அங்குலம் அங்கேயே போய்விடும்.

அந்த டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண ரோல் கிரிம்ப் டை போட்டேன். என் கார்பைனில் ஈயம் படிவது அன்றைக்கே நின்றது. இன்னொன்று: குண்டை இறக்குவதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்யாதீர்கள். குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடங்கினால் பூச்சை உழுதுவிடும். இரண்டு டை, இரண்டு இழுப்பு. நேரம் கூடுதலாகும்தான், ஆனாலும் இதில் சமரசமே வேண்டாம்.

படி 4: லீவரில் ஓட்டிப் பாருங்கள்

.357 தோட்டாவின் மொத்த நீளம் 1.590 அங்குலத்தையும், .44 தோட்டாவின் நீளம் 1.610 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. நீண்டால் லீவர் துப்பாக்கி நடுவழியில் சிக்கிக்கொள்ளும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள சேமிப்புக் குழாய்க்குள் வரிசையாக நிற்பதால், ஒன்றின் மூக்கு அடுத்ததன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே தட்டை மூக்குக் குண்டு மட்டுமே போடுங்கள். அதே வெற்றுத் தோட்டாக்களைக் குழாயில் நிரப்பி, லீவரைப் பல முறை ஓட்டி, திரும்ப நீளம் அளங்கள். குறைந்திருந்தால் ஸ்பிரிங் குண்டை உள்ளே தள்ளுகிறது. கிரிம்ப் குண்டின் பள்ளத்துக்குள் சரியாக விழவில்லை என்று அர்த்தம்.

படி 5: சுடுவது

மருந்தளவு நான் தர மாட்டேன். மருந்து தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையில், அதே எடையுள்ள ஈயக் குண்டுக்குக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். குறைந்த அளவில் தொடங்குங்கள், அதற்கும் கீழே போகாதீர்கள். இங்கே கடைகளில் பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்பான சோம்கெம் மருந்துதான். அமெரிக்கக் கையேட்டில் உள்ள ஒரு மருந்துக்கு இது சமம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள், அந்த அளவைப் போடாதீர்கள்.

முதலில் குழலில் பழைய செம்பும் ஈயமும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். 50 மீட்டரில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடலாம். மூன்று தோட்டாவில் கூட்டம் நெருக்கமாக விழுந்தது என்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், இருபதாவது தோட்டா வாக்கில்தான் உண்மை தெரியும். தொடக்கத்தில் நெருங்கி விழுந்தவை போகப் போக விரிந்தால் ஈயம் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டை நீளவாட்டில் கிழிந்திருந்தால் குண்டு சுழற்சி பிடிக்காமல் புரண்டுகொண்டு போகிறது, உடனே நிறுத்திவிடுங்கள். வேகம் அளக்க, வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நம் கடற்கரையில், ஒளி உணரி வைத்த குரோனோகிராஃபைவிட ரேடார் வகையே மேல்.

ஒரு வெடிச் சத்தம் மட்டும் பலவீனமாகக் கேட்டால் லீவரைத் திரும்ப இழுத்துச் சுடவே கூடாது. நீளக் குழலில் பலவீனத் தோட்டாவின் குண்டு நடுவே நின்றுவிடும். அடுத்த குண்டு போய் அதில் மோதினால் குழலே வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 6: ஈயம் எங்கே படிந்திருக்கிறது?

உலர்ந்த துணித் துண்டை ஓட்டிப் பாருங்கள். கறுப்புக் கரி வருவது சகஜம். சாம்பல் நிறத்தில் மினுக்கும் செதில் வந்தால் அது ஈயம். தோட்டா உட்காரும் அறைப் பக்கம், குழல் தொடங்கிய உடனேயே படிந்திருந்தால் பெரும்பாலும் குண்டு சிறிது, படி 2க்கும் 3க்கும் திரும்புங்கள். குழல் முனையருகே மட்டும் இருந்தால் பூச்சு அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை, மருந்தைக் குறைத்து அட்டவணைக்குள்ளேயே ஒரு படி இறங்குங்கள். படிந்ததை எடுக்க, பழைய பிரஷ்ஷில் செப்புக் கம்பிச் சுருளைச் சுற்றி ஓட்டினால் போதும். உண்மையான செம்பா என்று காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முடித்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி கேட்டார். "அண்ணா, .357 கார்பைனில் .38 ஸ்பெஷல் பூச்சுக் குண்டு நிறையச் சுட்டேன். இப்போது .357 தோட்டா கடைசி வரை உள்ளே போக மாட்டேன் என்கிறது." .38 கேஸ் குட்டை. அது முடியும் இடத்துக்கு முன்னால் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். நீளமான .357 கேஸின் வாய் சரியாக அந்த வளையத்தில் போய் முட்டும். லீவரை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். கேஸ் வாய் விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் ஏறிவிடும். அறைக்கு ஏற்ற பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு, வளையம் போகும் வரை சுழற்றித் தேய்த்துவிட்டு, வெற்றுத் தோட்டா தானாக விழுந்து உட்காருகிறதா என்று பார்த்த பிறகே .357 போடுங்கள்.